பஸ்ஸின் பின் கண்ணாடி வழியே

எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது நூறடி ரோட்டு மேம்பாலம்தான். மற்றபடி சாரம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் தரை சப்பென்று கிடக்கும். அந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட மனிதரை நம்பித்தான் ஏற்காடு ஏறினோம். அவர் என் கணவர். கூட நானும் எங்கள் சின்ன மகளும்.

ஏறும்போதே ஒரு வளைவில் எதிரே பஸ் வர, வண்டியை நிறுத்தினார். மறுபடி எடுத்தபோது கார் முன்னே போகாமல் பின்னால் உருண்டது. பின்னால் இருந்த ஜீப்காரன் ஹாரன் அடித்தான். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், என்னமோ அது எங்களைக் காப்பாற்றிவிடும் என்பதுபோல. மகள் மட்டும் சிரித்தாள். எப்படியோ நின்றது, ஏறியது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்பும் நாள் வந்தது. காலையில் சாப்பிட்டதும் இறங்குவதாகப் பேச்சு. இவரோ ஏரியில் இன்னொரு தடவை படகில் போகலாம் என்றார். அப்புறம் மிளகு வாங்க வேண்டும் என்றார். வீட்டில் ஒரு வருஷத்துக்கான மிளகு இருக்கிறது. மிளகு வாங்கி முடிந்ததும், முந்தின நாள் பார்த்த அதே பள்ளத்தாக்கை மறுபடி பார்க்க வேண்டுமாம். கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான், அலை சீறினால் விலகி நிற்கத் தெரியும். இந்தப் பள்ளம் சத்தமே போடாமல் கிடந்தது. மதியம் தாண்டியதும் ரோட்டில் மூடுபனி இறங்கியது. எனக்குக் கோபம் வந்தது.

"இருட்டிப் போனா எப்படி எறங்குவீங்க? என்னாதான் நெனச்சிட்டு இருக்கீங்க?"

அவர் கார் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"பயமா இருக்கு. காலைலேர்ந்து பயமாத்தான் இருக்கு. நீ பாப்பாவைக் கூட்டிட்டு பஸ்ல எறங்கு. நான் பின்னாடியே வந்துடறேன்."

"ஒரு டிரைவர வெச்சிக்கலாமே?"

"கேட்டுட்டேன். லீவு முடியற நாளு, யாரும் இல்லயாம்."

"அப்ப நானும் கார்லயே வரேன்."

"பாப்பாவ யார்கிட்ட விடுவ?"

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். பின் கண்ணாடியில் எங்கள் காரின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் மறைந்தன, திரும்ப வந்தன. மகள் அப்பாவுக்குக் கை ஆட்டிக்கொண்டே வந்தாள். பிறகு ஒரு வளைவில் விளக்குகள் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல எழுந்தேன். நிறுத்தி என்ன செய்வேன்? உட்கார்ந்துவிட்டேன். போன் போகவேயில்லை.

அடிவாரத்தில் இறங்கி ஒரு டீக்கடை ஓரம் நின்றோம். யார் யாருடைய கார்களோ இறங்கி வந்தன. உண்மையைச் சொன்னால், அவர் செத்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். தனியாக ஊருக்குப் போய் வீட்டுக் கதவைத் திறப்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது.

"அப்பா வரலியாம்மா?"

"வருவாரு" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

கடைசியில் எங்கள் கார் ஊர்ந்து வந்தது, பின்னால் வந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடிக்க. மலைக் குளிரில் இறங்கி வந்தும் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அன்னிக்கு உருண்ட எடம் வந்ததும் அதுக்கு மேல ஓட்ட முடியல. ஓரமா நிறுத்தி உக்காந்துட்டேன்."

திட்ட வந்ததை விட்டுவிட்டு மகளைப் பின் சீட்டில் ஏற்றினேன். முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மகளைக் குருசுக்குப்பத்தில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் நூறடி ரோட்டு மேம்பாலத்துக்குப் போனோம். பழகத்தான். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினார். வேறு வண்டிகள் இல்லை. இறங்கிக்கொள் என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டார். கார் கொஞ்சம் பின்னால் உருண்டது. நான் பயப்படவில்லை என்றால் அது பொய். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இறங்கவில்லை.