தேர்க்கால் என்று எழுதியவர்

அன்று காலை எழுந்ததும் முதலில் கைப்பையைத் திறந்து, என் அண்ணனின் பிறப்புப் பதிவு நகல் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தேன். முந்தைய நாள்தான் பஞ்சாயத்து அலுவலகத்தில் வாங்கியிருந்தேன். இருந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடியும் வந்து பார்த்தேன். அப்போது போன் அடித்தது. காதர் சாரின் மகள்.

"அத்தா போயிட்டாங்க அக்கா. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன், எழுந்திருக்கல."

பால் பொங்கி வழிந்ததை வாசனையில்தான் அறிந்தேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் குடும்பப் பெயரைப் பற்றிய ஓர் உண்மை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். இனி ஒருத்திக்குத்தான் தெரியும்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த, இந்த ஊழியர் மலரைப் படிக்கிற உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலக்காட்டு அரிசிக்கடை ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. கடையில் உட்காரப் பிடிக்காமல் கிளார்க் வேலைக்கு வந்தவர். நான் சேர்ந்தபோது அவர் ஹெட்கிளார்க். முதல் நாள் என் விண்ணப்பத்தில் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, "தேர்க்கால் வீட்டு அம்மிணியா? தேரை வெளிய நிறுத்திட்டு வந்தீங்களா?" என்றார். எனக்குக் கோபம். "உங்க பேருக்கு மட்டும் என்ன சார் அர்த்தம்?" என்றேன். "ராவுத்தர்னா குதிரைவீரன். நான் கழுதை மேல கூட ஏறினதில்ல. பேரைப் பாத்து ஆளை எடை போடாதீங்க அம்மிணி."

கேரளத்து விண்ணப்பங்களில் வீட்டுப்பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. மலையாளிகளுக்கு அதை நிரப்புவது எளிது. நம் பக்கத்துத் தமிழ்க் குடியானவர்களுக்கு அப்பா பேரின் முதலெழுத்துதான் உண்டு, வீட்டுக்குப் பேர் கிடையாது. கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். காதர் சார் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுப்பார்.

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டு, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் ஒருத்தி குழந்தையைப் பதிய வந்தாள்.

"வீட்டுக்கு ஏது சார் பேரு? எஸ்டேட்டு லயத்து வரிசையில ஏழாம் நம்பரு. அதுக்கெல்லாம் யாரு பேரு வைக்கா?"

"கதவைத் திறந்தா எதுக்க என்ன தெரியும்?"

"பாறைதான்."

"பாறைமுகம்னு போடட்டா?"

"ஐயோ, எங்க மாமியாளுக்கு அளவெடுத்து வச்ச மாதிரில்ல இருக்கு! போடுங்க சார்."

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். நம் மனசு எவ்வளவு தந்திரமானது என்று இப்போது தோன்றுகிறது. அடுத்தவர் பெயர் பிறப்பதைக் கண்ணால் பார்த்தும், என் பெயர் மட்டும் ஆதியிலிருந்து இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி நம்பக் காரணம் இருந்தது. சித்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் தேர்க்கால் என்றால் இன்று இருபது வீடாவது இருக்கும். எல்லாம் பங்காளிகள். பெயருக்கு ஒரு கதையும் உண்டு. முன்னோர் கொங்கு நாட்டில் ஏதோ ஒரு பெரிய கோயிலில் தேருக்கு முன் நடந்தவர்களாம். பஞ்சத்தில் வாளையார்க் கணவாய் வழியாக இங்கே வந்தபோது தேர்ச் சக்கரம் ஒன்றையும் வண்டியில் ஏற்றி வந்தார்களாம். அந்தச் சக்கரம் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அண்ணன் மகள் ஒருநாள் போனில் ஏதோ ஓர் இணையப் பக்கத்தைக் காட்டினாள். 'மிக அரிய குடும்பப்பெயர். பொருள்: தேரில் செல்பவர்' என்று போட்டிருந்தது. அண்ணன் அதை அச்செடுத்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

இதுவரைக்கும் வேடிக்கைதான். போன வருடம் அண்ணன் கோயில் கமிட்டிக்கு மனுக் கொடுத்தார். எங்கள் மாரியம்மன் தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்புவது பழனி அண்ணன் குடும்பம். அந்த வேலைக்காக அவர் தலையில் முதல் பரிவட்டம் கட்டுவார்கள். பேரிலேயே தேர் இருப்பதால் அந்த மரியாதை பூர்வத்தில் எங்களுடையது என்பது அண்ணனின் வாதம். சாட்சிக்கு அவருடைய பிறப்புப் பதிவு. பழனி அண்ணனிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. இடது கையில் இரண்டு விரலும் இல்லை. அவை சக்கரத்துக்கு அடியில் போனவை. "ஏனுங் கண்ணு, பேரு உங்களுதாவே இருக்கட்டும். கட்டையை ஆருங்க போடறது?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். நான் அவசரமாகப் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பதிவைத் தேடி எடுக்க வழி கேட்டுத்தான் மூன்று வாரம் முன்பு காதர் சார் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அம்மிணி, அந்தப் பேரை வெச்சதே நான்தான்."

வேலைக்குச் சேர்ந்த புதிதாம். என் அப்பா சாயங்காலம் அலுவலகம் மூடுகிற நேரத்துக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தாராம். "வண்டிச் சக்கரம் ஒடஞ்சு போச்சுங்க, நடந்தே வந்தனுங்க. பையன் பொறந்துருக்கறானுங்க." வீட்டுப்பெயர் கேட்டதற்கு, "ஊட்டுக்கு என்னுங்க பேரு? ஊடுன்னா ஊடுதானுங்க" என்றாராம். "தலைப்பிள்ளை பொறந்த சந்தோஷத்துல நிக்கறார். உடைஞ்ச வண்டிச் சக்கரம்னா எழுத முடியும்? சக்கரத்துக்குப் பழைய பேரு கால்தானே, அதையே கொஞ்சம் அலங்காரமா தேர்க்கால்னு எழுதினேன். வாசிச்சுக் காட்டினப்ப அவர் முகத்தைப் பாக்கணுமே! அடுத்த மாசமே உங்க சித்தப்பா வந்து, 'எங்கண்ணனுக்குப் போட்ட பேரே எனக்கும் போடுங்க'ன்னார். அவரைப் பாத்து மத்தப் பங்காளிங்களும் வந்தாங்க, அன்னைக்கு வந்தவங்க யாரும் இப்ப இல்ல."

"பதினோரு வருசம் பக்கத்து மேஜையில இருந்தேனே, ஏன் சார் சொல்லல?"

"யாருக்கும் கெடுதல் இல்லாத பேரு. சந்தோஷமா சுமந்துட்டிருந்தீங்க. இப்ப அது இன்னொருத்தன் தலைத்துணிய உருவப் போகுதுன்னா, எழுதினவன் வந்து சொல்லித்தான் ஆகணும். எழுதினவன் இருக்கறப்ப எழுத்தை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது, அம்மிணி. மீட்டிங் என்னைக்கு?"

சொன்னேன். அவர் வருவார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! அண்ணனை எதிர்த்துப் பேச வேண்டிய வேலை என்னுடையதல்ல. நான் நகலை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம். அதனால்தான் வாங்கினேன்.

அடக்கத்தன்று அவர் மனைவி பாத்திமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஊர்ல ஏதோ கூட்டமாமே? வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னாங்க. அப்படி என்ன கூட்டம் அது?" கோயில் விஷயம் என்று முனகினேன். மதியம் லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் உள்ளறையில் ஜன்னலோரம் நின்று, உட்கார்ந்து, திரும்பவும் நின்றுகொண்டிருந்தேன்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் அண்ணன் கூப்பிட்டார். "ஏனம்மிணி, காப்பி வாங்கியாச்சா? பத்திரமா வெய்யி. அதுலதான நம்ம மானமே இருக்குது." வாங்கிவிட்டேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர். அப்பா வைத்துவிட்டுப் போனவற்றில் நிலம் பாகமாகிவிட்டது, பெயர்தான் முழுசாக இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார். அதையும் ஒரு கிளார்க் இனாமாகக் கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் சாட்சி யார்? இறந்தவர் பேரில் பழி போடுகிறாய் என்பார். இப்படியே எட்டு நாள். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், அலுவலகத்தில் ஒரே ஃபைலை இரண்டு தடவை கட்டுகிறேன்.

காதர் சாரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அவர் பேனாவை மகள் வைத்திருக்கிறாள், வைத்திருக்கட்டும். எனக்கு இந்தப் பெயர் போதும். இதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. தேரும் பஞ்சமும் கணவாயும் போகட்டும். மகன் பிறந்ததைச் சொல்ல வெயிலில் நடந்து வந்த ஒரு மனிதர், அவர் சந்தோஷத்துக்குத் தக்கபடி ஒரு சொல்லைத் தேடிய இன்னொரு மனிதர். எங்கள் பூர்வீகம் அவ்வளவுதான். எனக்கு அது குறைவாகப் படவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். இந்த எழுத்து அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். இதை எழுதுகிற இப்போது வரை கணவரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை: அன்றைக்கு நான் பழனி அண்ணன் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். முதலில் பேசப் போவதும் நான்தான்.