வரைவில் விடுபட்ட மாடு

அறிவித்தலைப் பால் சேர்க்கும் இடத்தின் கதவில் ஒட்டியிருந்தார்கள். சிங்களத்தில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். ஆனால் பின்னால் ஆள் நின்றால் எனக்கு வாசிக்க வராது. அன்று காலை பால் கேன்களோடு பத்துப் பேர் நின்றார்கள். பாலை ஊற்றிவிட்டு, கேனைக் கழுவுகிற சாக்கில் எல்லாரும் போகும்வரை குழாயடியில் நின்றேன். பிறகு போய் வாசித்தேன்.

குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் மாடு வளர்ப்பது பற்றி மாகாணத்தில் புதிய விதிகள் வரப்போகின்றன. ஒட்டியிருப்பது வரைவு மட்டும்தான். மாட்டுப்பட்டி எந்த வீட்டிலிருந்தும் ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும். அனுமதிப் பத்திரம் கேட்பவர் காணி உறுதியைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காணிச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதத்தைக் காட்ட வேண்டும். பொதுமக்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம். பதுளையில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து நேரிலும் சொல்லலாம்.

எங்கள் லயம், தேயிலைத் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடு, மடுல்சீமைக்கு மேலே இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு, அதன் அடியில் என் மாட்டுப்பட்டி. வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடிகூடச் சரியாக வராது. காணி உறுதி என்று ஒன்றை எங்கள் ஆட்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை. வீடும் மண்ணும் தோட்டத்துடையவை, தோட்டம் சம்மதக் கடிதமும் கொடுக்காது. அந்த இரண்டு விதிகளும் அப்படியே வந்தால் எங்கள் லயத்தில் ஒரு மாடும் மிஞ்சாது. நான் தோட்டத்தில் கான் வெட்டிக்கொண்டிருந்தவன். மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் தேயிலைக்கு நடுவே ஓடை வெட்டும் வேலை அது. இடுப்பு விழுந்த பிறகு அதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மனைவி கொழுந்து பறித்தாள், நான் மாடு பார்த்தேன். வீடு அப்படித்தான் ஓடியது.

என்னிடம் இரண்டு மாடுகள் இருந்தன. ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு. ஒன்று சினையாகிப் பால் வற்றி நிற்கும் மாதங்களில் மற்றது கறக்கும். இரண்டு இருந்தால்தான் வருடம் முழுவதும் பால் உண்டு. மாடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். ஆனால் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு மாடுதான் என்று பழைய காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. யார் வந்து கேட்டாலும் "ஒன்னுதாங்க" என்று சொல்வோம். தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வருகிறார் என்று தெரிந்தால் இரண்டாவது மாட்டை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிடுவோம். எங்கள் அப்பா அப்படித்தான் செய்தார். நானும் அதை யோசிக்காமலே செய்து வந்தேன்.

விஷயத்தை எங்கள் தொழிலாளர் சங்கத் தலைவரிடம் சொன்னேன். அன்று பின்னேரமே அவர் வீட்டு வாசலில் பெட்டிசன் எழுத ஆள் கூடிவிட்டது.

"எதுக்கும் ரோட்டையும் போட்டுருவோம்," என்றார் தலைவர். "பதுளைக்குப் போற கடுதாசி. அடுத்தது எப்பப் போகுமோ."

"அப்ப தண்ணிப் பைப்பு?" என்று அடுத்த வீட்டு அக்கா கேட்டது.

"அதையும் போடு."

"கூரைத் தகரம்?"

"போட்டாச்சி, போட்டாச்சி. யாருக்காவது மாப்புள வேணும்னாலும் இப்பவே சொல்லிருங்க, அதையும் எழுதிருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். மாடு பதினோராவது விஷயமாக, கடைசி வரியில் வந்தது. லயத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள்.

கூட்டத்தன்று தலைவரும் நானும் முதல் பஸ்ஸில் பசறைக்கு வந்து, அங்கிருந்து பதுளைக்குப் போனோம். மண்டபத்து வாசலில் ஒரு மேசை. அதில் ஒரு தமிழ் உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை. பெட்டிசனை வாங்கி முழுவதையும் வாசித்தார்.

"ஐயா, இதில றோட்டு இருக்கு, தண்ணி இருக்கு, கூரை இருக்கு. மாடு எங்க?"

"கடைசியில இருக்குங்க மிஸ்," என்றார் தலைவர்.

"'எங்கள் மாடுகளையும் காப்பாற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' இவ்வளவுதானோ?" மிஸ் எங்கள் இருவரையும் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. "எந்த விதி சரியில்லை, ஏன் சரியில்லை, அதுக்குப் பதிலா என்ன வரவேணும் எண்டு சொல்லுங்கோ. அப்பத்தான் நாங்கள் பதியலாம். மற்றதெல்லாம் வேற வேற திணைக்களத்துக்குப் போறது. உள்ள போய் வாயால எண்டாலும் சொல்லுங்கோ. ஆர் கதைக்கப் போறீங்கள்?"

தலைவர் என்னைப் பார்த்தார். "நீ பேசு."

"நானா?"

"மாட்டப் பத்தி எனக்கு என்னாய்யா தெரியும்? நான் ஆடு வச்சிருக்கிறவன்."

மிஸ் என் பெயரை எழுதிவிட்டார்.

நான் நாலு பேர் முன்னால் பேசியவன் இல்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொன்னான். மண்டபத்தில் நாற்காலி நாற்காலியாக ஆட்கள். பல தோட்டத்து முகங்கள், கிராமத்துச் சிங்கள ஆட்கள். மேசைக்குப் பின்னால் சிங்களப் பெரியவர் ஒருவர் தலைமை தாங்கினார், பக்கத்தில் மொழிபெயர்க்க அந்த மிஸ். முன் வரிசையில், தோட்டத்தின் சார்பில், எங்கள் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். மிஸ் சொன்ன மூன்று கேள்விகளையும் மனதுக்குள் பிடித்துக்கொண்டேன்.

"அம்பது அடி சரியில்லைங்க," என்றேன். "எங்க லயத்துல இருந்து அம்பது அடி தள்ளிப் போனா கீழ் லயத்துக் கூரை மேலதான் மாட்டக் கட்டணும்."

மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னதும் மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். அது எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. சரிவில் தூரத்தை அளந்து பிரயோசனமில்லை, மூத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்றேன். பட்டியைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் கான் வெட்டி, கடைசியில் குழி தோண்டி விட்டால் இருபது அடியிலும் நாற்றமோ ஈயோ வராது என்றேன். இருபத்திரண்டு வருடம் கான் வெட்டியவன் என்றும் சொன்னேன். காணி உறுதிக்குப் பதிலாக, நாங்கள் அங்கே குடியிருக்கிறோம் என்று கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் கடிதம் போதாதா என்றும் கேட்டேன். பெரியவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"சாதாரணமா ஒரு வீட்டில எத்தினை மாடு வளர்க்கிறனீங்கள் எண்டு கேக்கிறார்," என்றார் மிஸ்.

கணக்கப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. வெறுமனே பார்த்தார்.

"ஒன்னுதாங்க," என்றேன்.

"ஆமாங்க, ஒன்னுதான்," என்று பின்னாலிருந்து வேறு தோட்டத்து ஆட்களும் சொன்னார்கள். மிஸ் அதையும் எழுதினார்.

திரும்பி வரும்போது தலைவர் பஸ் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். "கூரை மேல மாட்டக் கட்டணும்னு சொன்ன பாரு!" நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அதே கதவில் திருத்திய வரைவை ஒட்டினார்கள். இந்த முறை ஆள் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. ஐம்பது அடி இருபது அடியாகியிருந்தது. ஒரு முழ ஆழக் கானும் குழியும் இருந்தன. கிராம உத்தியோகத்தரின் கடிதமும் இருந்தது. நான் மண்டபத்தில் சொன்னது அச்செழுத்தில் நிற்பதைப் பார்த்து இன்னொரு தடவை வாசித்தேன். அதற்குக் கீழே புதிதாக ஒரு விதி. பொதுமக்கள் தெரிவித்த கருத்துகளைக் கவனத்தில் கொண்டு, இவ்வாறான இடங்களில் ஒரு குடும்பம் வளர்ந்த மாடு ஒன்றை மட்டும் வைத்திருக்கலாம்.

அதுவும் நான் சொன்னதுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிய விதியை மனைவியிடம் சொன்னேன். சட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒன்னுன்னு யாரு சொன்னது?"

"கணக்கப்பிள்ள திரும்பிப் பாத்தாரு புள்ள."

"அவரு பாத்தா மாடு ஒன்னாயிருமா?"

கறுப்பு அப்போது சினையாக இருந்தது. சிவப்பு கறந்துகொண்டிருந்தது. "எத விக்கப் போறீங்க?" என்றாள். "வயித்துல உள்ளதையா, வாயில உள்ளதையா?"

மாட்டு வியாபாரி அதற்குள் மேல் லயத்துக்கு வந்து போய்விட்டான். விதி அமலுக்கு வந்துவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பார்கள், மாடு அறுப்புக்குத்தான் போகும். அவனுக்கு அது தெரிந்திருந்தது. எங்கள் பட்டியைத் தாண்டும்போது நின்று கறுப்பின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான்.

திருத்திய வரைவுக்கும் கருத்துச் சொல்ல நாள் கொடுத்து, பதுளையில் இன்னொரு கூட்டமும் வைத்திருந்தார்கள். தலைவரிடம் போனேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

"ரெண்டுன்னு எழுதிக் குடுத்தா இத்தன வருசமா பொய் சொன்னதுக்கு நாமளே சாட்சி. தோட்டம் சும்மா இருக்குமா? பட்டியப் பிரின்னு சொன்னா என்னா செய்வ? நீ ஒன் மாட்ட மட்டும் எழுதலப்பா, லயத்து மாட்ட எல்லாம் சேத்து எழுதுற."

"எழுதாட்டி ஒன்னுதான் மிஞ்சும்."

"ஒன்னாவது மிஞ்சும்."

அவர் சொன்னது தப்பில்லை. அதனால்தான் எனக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. நான்காம் நாள் கொப்பித் தாள் ஒன்றை எடுத்து நானே எழுதினேன். ரோடு இல்லை, தண்ணீர் இல்லை. அந்த ஒரு விதி மட்டும். வளர்ந்த மாடு ஒன்று என்பது சரியில்லை, இரண்டு என்று வர வேண்டும், காரணம் இது. எழுத்துப் பிழை இருந்திருக்கும். தபாலில் போடவில்லை. எங்கள் கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் போய்வரும். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டாவது கூட்டத்துக்குத் தனியாகப் போனேன்.

கணக்கப்பிள்ளை அதே முன் வரிசையில் இருந்தார். என் முறை வந்ததும் தாளை வாசிக்கலாம் என்று விரித்தேன். எழுத்து ஓடவில்லை. மடித்துவிட்டேன்.

"போன தடவ ஒன்னுன்னு சொன்னேங்க. அது பொய்யிங்க. எங்கிட்ட ரெண்டு இருக்கு."

மிஸ் உடனே மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஐயா, விளங்கித்தான் சொல்லுறீங்களோ? இது உங்கட பேரோட பதிவில ஏறும்."

"ஏறட்டுங்க மிஸ்."

அவர் சிங்களத்தில் சொன்னார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் அன்று அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "யாரு கேட்டாலும் நாங்க அப்படித்தாங்க சொல்லுவோம்." பிறகு சினை மாட்டையும் கறவை மாட்டையும் பற்றிச் சொன்னேன். ஒன்றை விற்றால் ஆறேழு மாதம் வீட்டில் பாலே இருக்காது என்றேன்.

பெரியவர் தோட்டத்துப் பக்கம் கேட்டார். கணக்கப்பிள்ளை எழுந்து, "எங்க பதிவுல வீட்டுக்கு ஒன்னுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்னைப் பொய்யன் என்கிறாரா, தப்பிக்க வழி விடுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. நான் உட்காரவும் இல்லை.

அப்போது பின் வரிசையில் ஒரு அம்மா எழுந்தது. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் என்றது. "எங்க வீட்லயும் ரெண்டுங்க." அடுத்து ஒருவர், "எங்களுக்கும் ரெண்டுங்க." இன்னொருவர், "எனக்கு மூனு..." என்று தொடங்கினார். அவர் மனைவியாக இருக்க வேண்டும், "ஒக்காருய்யா, ரெண்டுக்கே வழியக் காணோம்," என்று சட்டையைப் பிடித்து இழுத்தது. சிங்கள ஆட்களும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. மிஸ் நீட்டிய தாளில், என் பேச்சுக்குக் கீழே, கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைக்க இன்றைக்கும் பிடிக்கவில்லை. கணக்கப்பிள்ளை ஒரு நாள் லயத்துப் பின்பக்கம் வந்து மேட்டின் மேல் நின்றார். நான் இரண்டு மாட்டையும் பட்டியிலேயே விட்டிருந்தேன். ஒளித்து இனி என்ன? அவர் பார்த்தார், போனார். அடுத்த வீட்டு அக்கா என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தது. "ஒம் புருசனால எம் மாடு போச்சின்னா பாரு," என்று மனைவியிடம் சொல்லியிருந்தது. மனைவி கொழுந்து மலையிலிருந்து வரும் ஒவ்வொரு நாளும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன், தோட்டம் ஏதாவது சொல்லியிருக்குமோ என்று. ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லாது என்று என்னால் சொல்ல முடியாது.

முடிவான விதி மழைக்காலத்தில் வந்தது. வளர்ந்த மாடுகள் இரண்டு வரை. கான் கட்டாயம், ஆறு மாதத்துக்குள் வந்து அளப்பார்கள். மேல் லயத்தில் மூன்று வைத்திருந்தவர் ஒன்றை விற்கத்தான் வேண்டியிருந்தது. அவர் கூட்டத்துக்கு வந்தவர் இல்லை.

விண்ணப்பப் படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் வாங்கிவந்து, வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், லயம், எங்கள் காம்பரா, அதாவது அறையின் இலக்கம். மாடுகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் 2 என்று போட்டேன். கறுப்பு மாடு கன்று போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"கன்னுக்குட்டி?"

"வளந்த மாட்டத்தான் கேட்டிருக்காங்க."

"கீழ பாருங்க, கன்னுக்கும் ஒரு கட்டம் இருக்கு."

இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. பேனாவைத் திரும்ப எடுத்தேன்.