டைகர் வாயில் என் திருகாணி

போன வாரம் அடையாறில் பல் டாக்டரம்மா ஒரு குட்டித் திருகாணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இதைத் தாடையில இறக்கி மேல பல் கட்டுவோம் தாத்தா, பயப்படாதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா, உன் அப்பா பிறக்கும் முன்பே இதைக் கடைந்தவன் நான்!

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன்தான். ஆனாலும் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் மாம்பலத்தில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தேன். எண்ணெயும் சூடேறிய இரும்பும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அதற்கு முன் அத்தரெல்லாம் எம்மாத்திரம்! அந்த லேத்தின் கைப்பிடி தெறித்துத்தான் என் முன்பல் போயிற்று. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. பையன் ஊமையோ என்று பேசிக்கொண்டார்களாம்.

மயிலாப்பூர் பல் டாக்டர் ஒருவரிடம் போனேன். எலும்பிலேயே பல்லை நடவேண்டும் என்பது அவருடைய பைத்தியம். "முதல்ல நாய்க்கு. அதுக்கு நின்னா அடுத்தது நோக்குத்தான்" என்றார். அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? துருப்பிடிக்காத எஃகில் நெல்மணியைவிடச் சற்றே பெரிதாகத் திருகாணி கடைந்தேன். மெட்ராஸில் வேறு எவனாலும் முடிந்திருக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை.

எங்கள் தெருக் கறிக்கடை பாய் தன் நாய் டைகரைத் தந்தார். மயக்கம் கொடுத்துத் திருகாணியை இறக்கி, புண் ஆறியதும் மேலே உலோகப் பல் மாட்டினார் டாக்டர். அவர் வீட்டுப் பின்கட்டிலேயே டைகர் தங்கியது. ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுப் பல்லை ஆட்டிக் காட்டினார். அசையவில்லை!

"தீனி இன்னா போடுறீங்கோ டாக்டரே?" என்றார் பாய்.

"தயிர்சாதம். கொழையப் பெசஞ்சு."

"அதுக்குப் பல்லே வேணாமே! எலும்பக் கடிச்சாத்தானே தெரியும்?"

"தெரியும்யா. ஆத்துக்குள்ள எலும்பு வந்தா என்னையும் நாயையும் சேத்துத் தொரத்திடுவா."

அதனால் டைகர் ஜட்கா வண்டி ஏறி என் பட்டறைக்கு வந்தது. பாய் ஆட்டுத் தொடை எலும்பை வீசினார். 'மடக்'கென்று ஒரு சத்தம். எலும்புதான் உடைந்தது! பல் அப்படியே மின்னியது. டாக்டர் துள்ளிக் குதித்துப் பாயைக் கட்டிக்கொண்டார்.

"டாக்டரே, கறி வெட்ன கை! வூட்ல தெரிஞ்சா இன்னா ஆவும்?"

நான் அப்போதே நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துவிட்டேன். டாக்டரோ, "பொறு, வேர் புடிச்சிருக்கான்னு பாக்கணும்" என்று டைகரிடம் குனிந்தார். அவ்வளவுதான். எலும்பைக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டம்! அதன்பின் அவர் தலை தெரிந்தாலே பல்லைக் காட்டி உறுமும்; கிட்டே விடாது.

"மறுபடியும் தயிர்சாதம்னு பயந்துகினு கீது" என்றார் பாய்.

எவ்வளவு கெஞ்சியும் டாக்டர் மசியவில்லை. "அதோட தாடைக்குள்ள என்ன ஆச்சுன்னு பாக்காம உன் வாயில கை வெக்க மாட்டேன்." பொக்கை வாயோடேயே தாலி கட்டினேன்.

டைகர் கிழடாகிச் செத்தபோது, என் பட்டறைக்குப் பின்னால் பாய் குழி தோண்டினார். நான் டைகரின் வாயைத் திறந்து அந்தப் பல்லை அசைத்துப் பார்த்தேன். பாறை மாதிரி நின்றது. மயிலாப்பூருக்குச் சைக்கிளில் பறந்தேன். டாக்டர் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி ஜவுளிக்கடை. அதன் அஸ்திவாரத்துக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது டைகர், அந்தப் பல்லோடு.