பூதத்துக்கு நான் எழுதிய கண்

எனக்குப் பிறவியிலேயே முறைப்பு. "பொட்டப்புள்ள இப்படி முழிச்சா எந்த வூட்டுல வெச்சிக்குவாங்க?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரைச் சுற்றி மாடி வீடுகள் எழும்பிய வருடங்கள் அவை. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் பட்டறையில், புதுவீட்டு வாசலில் மாட்டும் திருஷ்டி பூதத்துக்கு நல்ல கிராக்கி. கோரைப்பல், மீசை, தொங்கும் நாக்கு எல்லாவற்றுக்கும் நான் வண்ணம் தீட்டலாம். கண் மட்டும் முதலாளிதான் எழுதுவார். சாமியானாலும் பூதமானாலும் கண்ணில்தான் உயிர், அதை முதலாளி கைதான் தொட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். எனக்கோ கண் எழுத வேண்டும் என்று வெறி. இல்லாவிட்டால் ஆயுசு முழுக்கப் பல்லும் நாக்கும்தான் என்று வயிறு எரியும்.

ஒருமுறை முதலாளிக்கு விரலில் நகச்சுத்தி. பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி ஒருவர் கேட்டிருந்த பூதம் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குள் வெந்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். முறைப்புக்கு நான் எங்கும் அலையவில்லை, பட்டறைக் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டேன். வாசலுக்கு மேலே தொங்கப்போகும் பூதம் நேராகப் பார்த்தால் வருகிறவன் தலைக்கு மேலே ஆகாயத்தைத்தானே பார்க்கும்? அதனால் கருவிழிகளைக் கீழிமை ஓரமாக இறக்கி எழுதினேன்.

சூளையிலிருந்து வந்து மேசைமேல் நின்ற பூதத்தைப் பார்த்ததும் முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னாம்மா இது, தூங்குமூஞ்சி பூதம்? இனிமே பிரஷ்ஷ தொடாத."

ஆனாலும் நான் விடுவதாக இல்லை. விவசாயியும் அவர் மனைவியும் வந்ததும், "ஐயா, கொஞ்சம் மேல தூக்கிப் பாருங்க" என்றேன்.

அவர் தலைக்கு மேலே தூக்கினார். எதிரே நின்ற மனைவி சட்டென்று பின்வாங்கினார். "ஐயையோ, என்னையே மொறைக்குதுங்க!" என்று கத்தியவர் அப்புறம் சிரித்துவிட்டார். "இதான் வேணும். இது இருந்தா ஒரு கண்ணும் நம்ம வூட்டு மேல படாது."

முதலாளி கட்டுப்போட்ட விரலோடு தானும் போய்ப் பூதத்துக்குக் கீழே நின்று பார்த்தார். "இனிமே கண்ணு நீயே எழுதும்மா" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு கல்யாணத்துக்காக அம்மாவோடு பெண்ணாடம் போனேன். அந்த விவசாயி வீட்டைக் கடக்கும்போது அம்மா அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இது உன் முழியாட்டமே இருக்குது!"

"என் முழிதாம்மா. எந்த வூட்டுல வெச்சிக்குவாங்கன்னு கேட்டியே, பாரு. வாசல்லயே வெச்சிருக்காங்க."