பஸ் ஆபீஸ்காரனுக்குக் கப்பலில் தள்ளுபடி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டிக்கெட் விற்கிறவர்கள் எல்லாருமே என்னைப் போல நேரத்தை இழுத்தும் குறைத்தும் சொல்கிறவர்கள்தான் என்று நம்பியிருந்தவன் நான். போன கோடையில், ஓசூரிலிருந்து சென்னைத் துறைமுகம் போகும் வழியில் அந்த நம்பிக்கை கவிழ்ந்தது. கூடவே என் மனைவியின் மானமும் கவிழப் பார்த்தது.

எனக்கு ஓசூரில் ஆம்னி பஸ் புக்கிங் ஆபீஸில் வேலை. பெங்களூரிலிருந்து வரும் வண்டி ஒன்பதரைக்குத்தான் வரும் என்றால், பயணிகளை ஒன்பதுக்கே வரச் சொல்வேன். வந்து நின்று வண்டி எங்கே என்று கேட்டால், "அத்திப்பள்ளி தாண்டிடுச்சுண்ணா, அஞ்சே நிமிஷம்" என்பேன். அத்திப்பள்ளி எங்களுக்கு முந்தின எல்லை ஊர்; வண்டியோ பெங்களூரை விட்டே கிளம்பியிருக்காது. இந்த அஞ்சு நிமிஷத்தைத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கூச்சமில்லாமல் சொல்ல வரும். அதுதான் என் தகுதி.

அந்தத் தகுதிக்கும் ஒரு மரியாதை வந்தது. பஸ், விமானம், டிராவல் ஏஜென்சி ஊழியர்களுக்கு, சென்னையிலிருந்து கிளம்பி நடுக்கடலைச் சுற்றிக்காட்டும் உல்லாசக் கப்பலில் ஏறக்குறைய பாதிக் கட்டணம் என்று ஒரு மெயில். ஏமாற்று வேலை என்று அழிக்கப் போனேன், மனைவி விடவில்லை. அடையாள அட்டையையும் முதலாளியின் கடிதத்தையும் அனுப்பினோம். உறுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட முதலாளி, "ஏம்பா, அங்க போயி கப்பல் அத்திப்பள்ளி தாண்டிடுச்சுன்னு சொல்லிறாத" என்றார்.

மனைவிக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலை. யுகாதிக்குக்கூட டூட்டி பார்த்து, சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி லீவு வாங்கியிருந்தாள். கம்பெனி பஸ்ஸில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியும் வைத்திருந்தாள். ஊழியர் டிக்கெட் என்பதால் தேதி மாற்ற முடியாது, தவறவிட்டால் பணமும் திரும்பாது.

கப்பல் மாலை ஐந்துக்கு. துறைமுகத்துக்கு இரண்டுக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். நான் சிரித்தேன். "நாங்களே அரை மணிதான் பொய் சொல்வோம். இவனுங்க பெரிய கம்பெனி, பெருசா சொல்றானுங்க!" முந்தின நாளே போகலாம் என்றவளை அடக்கிக் காலை பஸ்ஸில் ஏற்றினேன். இரண்டு மணிபோல இறங்கி, ஒரு பிரியாணி சாப்பிட்டு, நான்கரைக்குக் கப்பல். அதுதான் என் திட்டம்.

பன்னிரண்டே முக்காலுக்கு, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் பஸ் நெரிசலில் நின்றபோது போன் வந்தது.

"சார், கப்பல் ஆபீஸ்லருந்து பேசறேன். எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான் மேடம், அஞ்சே நிமிஷம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எதுக்குப் பக்கத்துல சார்? ரெண்டு மணிக்கு மேல உள்ள விடமாட்டாங்க. செக்கிங் எல்லாம் முடிச்சாத்தான் கப்பலே கிளம்பும்."

மனைவி போனைப் பிடுங்கினாள். "மேடம், இன்னும் ஸ்ரீபெரும்புதூரே வரல. இந்த மனுஷன் பேச்சக் கேட்டு வந்துட்டேன். எதாச்சும் பண்ணுங்க மேடம்."

அந்தப் பக்கம் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னார்: "நல்லவேளை சொன்னீங்க. அஞ்சு நிமிஷத்த நம்பியிருந்தா, வரலைன்னு பேரை அடிச்சிருப்பேன். கடைசி பேட்ச்சுக்கு மாத்தறேன். ரெண்டரை வரைக்கும் வாசல்ல நிப்பேன். வந்துருங்க."

அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு உருப்படியான காரியம் செய்தேன். எங்கள் பயணிகளைப் பூந்தமல்லியிலிருந்து ஏற்றிப் போகும் வேன் டிரைவருக்குப் போன் போட்டேன். "பக்கத்துலதாண்ணே, அஞ்சு நிமிஷம்" என்றான். இந்த வாக்கியத்தின் விலை என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நாங்கள் பூந்தமல்லியில் இறங்கியபோது அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். இந்தத் தொழிலில் இப்படியும் ஒருவன்!

சந்து பொந்தெல்லாம் புகுந்து துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் ஓட, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவி எனக்கு முன்னால் ஓடினாள். அந்தப் பெண் சொன்னபடியே வாசலில் நின்று கையை ஆட்டினார். நாங்கள் நுழைந்ததும், கடைசி ஆள் வந்தாச்சு என்று வாக்கி டாக்கியில் சொன்னார். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவனுக்குக்கூட அப்படி மூச்சு வாங்கியிருக்காது.

ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு வாகனம் கிளம்பி நான் பார்த்தது அன்றுதான். மேல்தளத்தில் நின்று மனைவி வீடியோ கால் போட்டாள். அந்தப் பக்கம் கம்பெனி பஸ்ஸே கூச்சல் போட்டது. கடலைக் காட்டினாள், நீச்சல் குளத்தைக் காட்டினாள், கடைசியில் போனை என் பக்கம் திருப்பி, "டிஸ்கவுண்ட்டு இவருதான்டி" என்றாள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பெருமையாக என்னை யாருக்கும் காட்டியதில்லை.

இருக்கிற இடத்தை உள்ளபடி சொன்னால் நமக்காக வாசலில் நிற்க ஒருவர் இருப்பார் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இப்போது கவுண்டரில் முக்கால்வாசி நாள் உண்மையைத்தான் சொல்கிறேன். இந்த வருஷமும் அந்த மெயில் வந்திருக்கிறது. போகும் நேரம், வரும் நேரம் எல்லாவற்றையும் இந்த முறை நானே கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க பையை மட்டும் தூக்குங்க."