பிடுங்காதே அக்கா

அந்தத் தெருவில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால், "பிடுங்காதே அக்கா கடைக்குப் போ" என்பார்கள். கடைக்கு வெளியே பலகையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அது யாருக்கும் ஞாபகமில்லை. வேலை முடிந்ததும் வந்தவர் தன் பென் டிரைவை நோக்கிக் கையை நீட்டுவார். உடனே உள்ளேயிருந்து "பிடுங்காதீங்க! பிடுங்காதீங்க!" என்று ஒரு சத்தம் வரும். நீட்டிய கை தானாக மடங்கிக்கொள்ளும். இப்படிக் கத்திக் கத்தியே அக்காவுக்குத் தொண்டையும் போனது, சொந்தப் பெயரும் போனது.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நீங்களே அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். பென் டிரைவைச் செருகியதுமே திரையின் மூலையில் ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். 'இந்த டிரைவில் ஏதோ சிக்கல் இருக்கிறது. சரிபார்க்கட்டுமா?' வேண்டாம் என்று தட்டிவிட்டால் அடுத்த முறை செருகும்போது மறுபடி அதே கேள்வி. சரி, பார்த்துத் தொலை என்று விட்டால், பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசியில் 'சிக்கல் எதுவும் இல்லை' என்று சொல்லும். இல்லையென்றால் எதற்குக் கேட்டாய், சனியனே? இதற்குள் வரிசையில் நிற்பவர்களில் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்.

"ஏங்க, உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கா?"

அக்காவுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறும்.

"வைரஸ் என் கம்ப்யூட்டர்ல இல்ல சார், உங்க கையில இருக்கு. போற இடத்துல எல்லாம் வெடுக்குனு பிடுங்கிட்டு வந்தா அது கேக்கத்தான் செய்யும். நீங்க எழுதிக்கிட்டு இருக்கும்போது பேனாவ ஒருத்தன் பிடுங்கினா சும்மா இருப்பீங்களா?"

ஊரார் டிரைவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடையின் சொந்த டிரைவே தினமும் காலையில் அதே கேள்வியைக் கேட்டால்? அதுதான் அக்காவின் வயிற்றெரிச்சல். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி அது. இத்தனை வருடம் அடித்துக் கொடுத்த ஆய்வேடுகள், அழைப்பிதழ்கள், கடை விளம்பரங்கள் எல்லாம் அதற்குள்தான். தினமும் காலையில் செருகுவாள். தினமும் 'சிக்கல் இருக்கிறது' என்று கட்டம் வரும். அக்கா நாற்காலியைச் சுழற்றிப் பின்னால் திரும்புவாள். பின்னால் நாத்தனார் உட்கார்ந்திருப்பாள்.

நாத்தனார் என்றால் அக்கா புருஷனின் தங்கை. கட்டிக்கொண்டவன் சரியில்லாமல் போய், பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கடையில் பாதி வேலை அவளுடையது. எழுத்தை அழகாக அடுக்குவதில் அக்காவைவிடக் கெட்டி. வீட்டில் அவளுக்கு இடம் கூடத்தில், மடக்குக் கட்டிலில். அண்ணன் டிவியை அணைத்தால்தான் அவளால் கட்டிலை விரிக்க முடியும். காலையில் முதல் ஆள் எழுந்ததும் அவளும் எழுந்தாக வேண்டும். இதைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

கடை சாத்தும்போது வேலை இப்படித்தான் நடக்கும். நாத்தனார் அன்றைய வேலையைக் கறுப்புப் பெட்டியில் ஏற்றுவாள்; கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லி அழுத்துவாள்; வெளியே போய்ப் பலகையை மடக்கி எடுத்து வருவாள்; பிறகு டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். அதற்குள் மெயின் சுவிட்சை அணைப்பது மட்டும் அக்காவின் பொறுப்பு. எப்போதோ எதிர்க்கடையில் வயர் புகைந்து தீப்பிடித்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அதிலிருந்து, கடையைப் பூட்டும் முன் மெயினை அணைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கடைசியில் டிரைவைக் கழற்றுவது நாத்தனார் கை. ஆகவே பழியும் அந்தக் கைக்கே.

"மறுபடி பிடுங்கிட்டியா?"

"இல்ல அண்ணி. எல்லாம் ஆஃப் ஆன பிறகுதான் எடுத்தேன்."

"அப்ப இது ஏன் கேக்குது? எனக்கு வேற வேலை இல்லன்னு பேச்சுக்குக் கூப்பிடுதா?"

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். நாத்தனார் குனிந்துகொள்வாள். இது பல் விளக்குவது மாதிரி தினசரி வழக்கமாகிவிட்டது. முதலில் 'இல்ல அண்ணி' என்றவள், போகப் போக 'இனிமே பாத்து எடுக்கிறேன் அண்ணி' என்றாள். பார்த்தாயா, ஒப்புக்கொண்டாள் என்று அக்கா நினைத்தாள்.

இந்த நேரத்தில்தான் பக்கத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒரு வேலை காலியானது. நாத்தனார் தானாகப் போய் எழுதிப் போட்டாள். வேலையோடு பள்ளி வளாகத்திலேயே ஓர் அறையும் உண்டு. "சின்ன அறைதான் அண்ணி. ஆனா கதவு இருக்கு" என்று அவள் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அக்காவுக்கு உள்ளுக்குள் திக்கென்றாலும், "போயேன், நான் என்ன தடுக்கவா போறேன்" என்றாள்.

நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருந்தபோது, பள்ளியின் தலைமைக் குமாஸ்தா அம்மா கடைக்கு ஃபோன் செய்தார். ஆள் எப்படி என்று விசாரித்தார். வந்த நேரம் சரியில்லை. திரையில் அந்தப் பாழாய்ப்போன கட்டம் அப்போதுதான் வந்து நின்றிருந்தது.

"தங்கமான பொண்ணு மேடம். வேலையும் சுத்தம். ஆனா டிரைவ மட்டும் அவ கையில குடுத்துடாதீங்க. படக்குனு பிடுங்கிடுவா. எத்தனை தடவை சொன்னாலும் திருந்த மாட்டா."

"எங்க மார்க் விவரம் எல்லாம் டிரைவுலதான் இருக்கு" என்றார் குமாஸ்தா அம்மா. "வேற ஒருத்தரும் கேட்டிருக்காங்க. பாத்துட்டுச் சொல்றோம்."

ஃபோனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அக்காவுக்கு உறைத்தது. இருந்தாலும் உள்ளதைத்தானே சொன்னேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று மாலை கடையில் அவள் ஒருத்திதான். தானே ஏற்றினாள், தானே நிறுத்தினாள். திரை இருண்டதும் மெயினை அணைத்தாள். டிரைவைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பையில் வைத்தாள். இதில் நாத்தனார் விரல்கூடப் படவில்லை.

காலையில் செருகினால், 'ஏதோ சிக்கல் இருக்கிறது. சரிபார்க்கட்டுமா?'

"என்னையுமா?" என்று அக்கா திரையைப் பார்த்தே கத்திவிட்டாள். முன்னால் நின்றிருந்தவர் பயந்துபோய்த் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டார்.

பழைய மிச்சமாக இருக்கும் என்று சரிபார்க்க விட்டாள். பச்சைக் கோடு முழுசாக ஓடி, எல்லாம் சரி என்றது. மாலையில் அதே போல் நிறுத்தினாள். திரை இருண்டது. மெயினில் கை வைத்தபோது ஃபோன் அடித்தது. தங்கைக்கு மாத்திரை வாங்கி வரச் சொல்லிப் புருஷன். அவன் மாத்திரைப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அப்போது மேசைக்கு அடியில் கொர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். திரைதான் இருண்டிருக்கிறது, கீழே கம்ப்யூட்டர் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கறுப்பு டிரைவின் சின்ன விளக்கு மின்னி மின்னி எரிகிறது. எதையோ எழுதி முடித்துக்கொண்டிருக்கிறது. சாவகாசமாக எழுதி முடித்துவிட்டு, பிறகுதான் அது அணைந்தது.

"ஏய், கேக்குதா? ஹலோ?" என்றான் புருஷன். அதற்குப் பிறகுதான் அக்கா மெயினை அணைத்தாள்.

மறுநாள் காலையில் டிரைவைச் செருகிவிட்டுத் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கட்டம் வரவில்லை. கழற்றி மறுபடி செருகினாள். வரவில்லை. இத்தனை வருடம் எது வரக்கூடாதென்று தவம் கிடந்தாளோ, அது வராமல் போனதும் அவள் திரும்பி மெயின் சுவிட்சைப் பார்த்தாள். தினமும் பிடுங்கியது யார்? எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை வெட்டிய கை எது?

வந்தவர்களை மாலையில் வரச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினாள். நேரே பள்ளிக்கூடம். குமாஸ்தா அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"மேடம், நான் ஃபோன்ல சொன்னது தப்பு. அவ பிடுங்கல. நான்தான் மெயின ஆஃப் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப ஏன் அவங்க மேல பழி போட்டீங்க?"

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "கடைசியா அத எடுக்கிறது அவதான். அதான்… வேற யாரையும் நான் யோசிக்கல, மேடம்."

"திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லுங்க. அறைச் சாவியும் அன்னைக்கே தரோம்" என்றார் குமாஸ்தா அம்மா.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்ததை அக்கா முதலில் சொன்னாள். அந்த முகம் மலர்ந்து முடிப்பதற்குள் மற்றதையும் சொல்லிவிட வேண்டுமென்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபோனில் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். சண்டை பிடிப்பாள், அழுவாள், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று காத்து நின்றாள்.

நாத்தனார் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பிடுங்கலையா அண்ணி?"

"இல்லடி. ஒரு நாளும் இல்ல."

"முதல்ல எனக்கு நல்லாத் தெரியும், நான் பிடுங்கலன்னு. நீங்க தினமும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. ஆஃப் ஆச்சுன்னு நல்லாப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா, பாத்தேனா இல்லையான்னே தெரியாது. அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டினேனா, எதுவுமே உறுதியாத் தெரியாமப் போச்சு. எனக்கு மூளைதான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன் அண்ணி. யார்கிட்டயும் சொல்லல."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஊரையே கத்தி அடக்குபவள், நாத்தனாரின் அந்த வலது கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.