கடைசிக் குறிப்பு

நான் ஏழாம் வகுப்பு படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் கட்டுரையை உடனே எழுதிவிட முடியாது. முதல் வாரம் விசாரித்துக் குறிப்பு எடுக்க வேண்டும். அடுத்த வாரம் அதை வரிசைப்படுத்தி டீச்சரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் எழுதலாம். அந்த முறை தலைப்பு, கடல் தொழில்.

எங்களுக்கு வயலும் தென்னையும்தான். குளச்சல் கடலைப் பார்த்தே வளர்ந்தாலும் அந்தத் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வகுப்பில் கடற்கரையிலிருந்து வந்த ஒரே பெண் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்பு கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் அம்மாவைத் தேடிப் போனேன். மகள் அப்போது வீட்டில் இல்லை.

அந்த அம்மா மீனைக் கீறி உப்பு தடவிக்கொண்டிருந்தார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கிடைக்கும், வலை எத்தனை நாள் தாங்கும் என்று நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு நான் கேட்காமலே கணவர் போன நாளைப் பற்றிப் பேசினார்.

“அன்னைக்குக் கடல் ரொம்ப மோசம். ஒருத்தரும் கட்டுமரம் எறக்கல. இவளுக்குப் புஸ்தகம் வாங்கணும்னு அவிய மட்டும் போனாவ. அவளுக்கு இது தெரியாது மக்கா. சொல்லிராத.”

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். எழுதுவது சொல்வதாகாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மொத்தம் பதினொரு குறிப்புகள். முதலில் இது நான்காவதாக இருந்தது. கடைசியில் வந்தால் படிப்பவர்களின் மனம் கரையும் என்று தோன்ற, அங்கே மாற்றினேன். யாரென்று சொல்லாமல், ‘ஒருவர் தம் மகளின் பள்ளிப் புத்தகத்துக்காகப் போய்த் திரும்பவில்லை’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

டீச்சருக்கு நோட்டு பிடித்துவிட்டது. எப்படித் தயார் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக வாய்விட்டு வாசித்தார். நான் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். போதும் டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். பத்துக் குறிப்புகள் வாசிக்கும் நேரம் இருந்தது.

கடைசியை வாசித்ததும் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. வெளியூரிலிருந்து வந்த டீச்சருக்குத்தான் ஏனென்று புரியவில்லை. அவள் அழவில்லை. மணி அடித்ததும் என்னிடம் வந்தாள்.

“ஏட்டி, எங்கம்மை சொன்னாளா?”

ஆமாம் என்றேன்.

“எந்தப் புஸ்தகம்னு சொன்னாளா?”

இல்லை என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை வந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் தலைப்பை மாற்றி நெல் நடவைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். கடலை ஏன் விட்டாய் என்று டீச்சர் கேட்டபோது, குறிப்பு போதவில்லை என்று பொய் சொன்னேன். சந்தையில் அவள் அம்மா என்னைக் கண்டும் காணாததுபோல் போனார். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை. கயிறு திரிக்கப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். போகவில்லை.